வேப்பம்பூவும் சகுராவும்: பிரிவுப் பாடல்கள் – ஓர் ஒப்புநோக்கு

முன்னுரை

பங்குனி பிறந்துவிட்டால் நம் கல்லூரி வளாகங்களில் இருவேறு நிகழ்ச்சிகள் ஒருங்கே நிகழ்கின்றன. ஒன்று, இறுதியாண்டு மாணவர்க்குரிய பிரிவுபசார விழா. மற்றொன்று, மதுரையைச் சூழ்ந்த சமவெளியெங்கும் வேம்பு பூத்து உதிர்தல். இவ்விரண்டையும் நாம் தொடர்புபடுத்தி நோக்குவதில்லை. ஜப்பானியரோ பருவப் பூவையும் பள்ளிப் பிரிவையும் பாடலில் இறுகப் பிணைத்துள்ளனர். அப்பாடல்களை அறிமுகம் செய்து, அவற்றுக்கு இணையாகத் தமிழில் உள்ளது எது, இல்லாதது எது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஜப்பானில் பிரிவின் பருவம்

ஜப்பானில் கல்வியாண்டு மார்ச்சில் முடிந்து ஏப்ரலில் தொடங்குகிறது. 1886இல் அரசின் நிதியாண்டு ஏப்ரல் முதல் எனத் திருத்தப்பட்ட பின்னர், கல்விக்கூடங்களும் படிப்படியாக அம்முறையை மேற்கொண்டன. டோக்கியோ முதலிய நகரங்களில் சகுரா எனப்படும் செர்ரி மரங்கள் பூப்பதும் இத்திங்கள்களின் இடையிலேயாகும். இன்று அங்கு மிகுதியாகக் காணப்படும் 'சோமெய் யோஷினோ' என்னும் வகை, ஒட்டுக்கட்டிப் பெருக்கப்படுவது. அம்மரங்கள் அனைத்தும் ஒரே மரபுக்கூறு உடையன. ஆதலின் ஓரூரில் நிற்பவை ஏறத்தாழ ஒரே வேளையில் பூத்து, இரு வாரங்களுக்குள் ஒருங்கே உதிர்ந்து விடுகின்றன. உடன் பயின்றோர் ஒரே நாளில் பிரிந்து செல்வதற்கு இது பொருத்தமான உவமையாயிற்று.

பிரிவுப் பாடல்களின் வளர்ச்சி

ஜப்பானியப் பள்ளிகளில் நெடுங்காலம் பாடப்பெற்ற பிரிவுப் பாடல் 'மின்மினியின் ஒளி' எனப் பொருள்படும் பெயருடையது. 1880களின் தொடக்கத்தில் வெளிவந்த பள்ளிப் பாடல் தொகுப்பில் இடம்பெற்ற இதன் மெட்டு ஸ்காத்லாந்து நாட்டிலிருந்து பெறப்பட்டது. விளக்கெண்ணெய்க்கு வழியின்றி மின்மினி வெளிச்சத்தில் படித்த ஏழை மாணவனைப் பற்றிய சீனக் கதையே அப்பெயருக்கு மூலம்.

பிற்காலத்தில் சகுராவே பிரிவின் அடையாளமாகி மெல்லிசையுள் புகுந்தது. மொரியாமா நவோதாரோ 2003இலும், கொபுகுரோ குழுவினர் 2005இலும், இக்கிமோனோகாகரி குழுவினர் 2006இலும் வெளியிட்டுப் புகழ்பெற்ற பாடல்கள் மூன்றிற்கும் 'சகுரா' என்பதே பெயர். ஒரே பெயரில் மீண்டும் மீண்டும் பாடல் பிறந்தும் கேட்போர்க்குச் சலிப்புத் தோன்றவில்லை. பூ ஆண்டுதோறும் வருகிறது, பிரிந்தவர் வருவதில்லை. இம்முரணே அப்பாடல்களின் உயிர்நிலை எனலாம்.

இவற்றினும் நம் கருத்தை ஈர்ப்பது 1991இல் தோன்றிய 'புறப்படும் நாளில்' என்னும் பொருளுடைய பாடலாகும். சைத்தாமா மாநிலத்தின் மலைசூழ் நகரான சிச்சிபுவில், ஒரு நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் அதனை எழுதினார். அப்பள்ளியின் இசை ஆசிரியை மெட்டமைத்தார். பயின்று வெளியேறும் மாணவர்க்கு ஆசிரியர்கள் தாமே பாடி அளித்த பரிசு அது. பிற பள்ளிகளும் அதனை விரும்பி ஏற்க, பின்னர் நாடெங்கும் பரவிற்று.

இம்மலருக்கு இருண்ட பக்கம் ஒன்றும் உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், உடன் பயின்ற படைவீரர் சகுராவைப் போல் நாட்டுக்காக ஒருங்கே உதிர்வோம் என்று பாடும் பாடல் ஒன்று பரவியிருந்தது. உயிர்க்கொடைத் தாக்குதலுக்கெனச் செய்யப்பட்ட வானூர்தி ஒன்றுக்கும் செர்ரிப்பூ எனப் பொருள்தரும் 'ஓக்கா' என்னும் பெயரே இடப்பட்டது. இளைஞர் சாவை அழகுபடுத்தவும் ஒரு பூ பயன்பட்டதென்பது நாம் மறக்கலாகாத செய்தியாம்.

தமிழ் மரபில் பூவும் பிரிவும்

பருவத்தையும் பிரிவையும் இணைக்கும் நெறி தமிழர்க்குப் புதிதன்று. பிரிவை உரிப்பொருளாகக் கொண்ட பாலைக்கு வேனிலோடு பின்பனியையும் உரியதாகத் தொல்காப்பியர் வகுத்தார். பின்பனியாவது மாசியும் பங்குனியும். ஜப்பானிய மாணவர் பிரியும் மார்ச் இவ்விரு திங்களுள் அடங்குதல் வியப்பிற்குரியது. ஓதற்பிரிவு என ஒரு பிரிவையே தனியாக வகுத்த இலக்கணம் நம்முடையது. அக்கல்விக்காலம் மூன்றாண்டைக் கடவாது என்பதும் கற்பியல் கூறும் வரையறை. இன்றைய இளங்கலைப் படிப்பும் மூன்றாண்டே! அன்று கற்பதற்காகப் பிரிந்தனர். இன்று கற்று முடித்துப் பிரிகின்றனர். வேறுபாடு இவ்வளவே.

ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் பாடிய 'இளவேனிற் பத்து' ஈண்டு நோக்கத்தக்கது. தலைவன் வாராமையையும் பருவம் வந்தமையையும் அதன் பத்துப் பாடல்களும் எதிரெதிரே நிறுத்துகின்றன. ஒவ்வொரு பாடலிலும் அடையாளம் மட்டும் மாறுகிறது. குயில், குரவம், கோங்கு, புன்கு, வேம்பு எனப் பருவத்தின் பொருள்கள் வரிசையாக வருகின்றன. ஜப்பானிய மெல்லிசையின் உயிர்நிலை என மேலே நாம் கண்ட முரண் இதுவேயன்றோ?

வேம்பைப் பொறுத்தவரை குறுந்தொகையின் 24ஆம் பாடல் தனிச்சிறப்புடையது. பரணர் பாடிய அப்பாடலில், வேம்பின் இப்புதுப்பூப் பொலிவு தன் தலைவன் இல்லாமலே கழிந்துவிடுமோ எனத் தலைவி வருந்துகிறாள். அடுத்து அவள் கூறுவது ஊரார் பழிமொழியைப் பற்றி. நண்டுகள் மிதித்துக் குழைத்த அத்திப்பழம் போலத் தான் நைந்ததாகக் கூறுகிறாள். பிரிவின் துயர் ஒருபுறம். பிரிந்தபின் எஞ்சி நிற்பவளை ஊர் நடத்தும் முறை மற்றொருபுறம். சகுராப் பாடல்களில் நாம் காணாத ஆழம் இது. அவ்வேம்பு பாண்டியரின் அடையாளப் பூ என்பதும் மதுரை மாணவர் நினைவிற் கொள்ளத்தக்கது.

திரையிசையில் கல்லூரிப் பிரிவு

இக்காலத்தில் பிரிவுபசார விழா என்றவுடன் நம் மேடைகளில் ஒலிப்பது, 1963இல் வெளிவந்த 'இரத்தத் திலகம்' படத்தின் கல்லூரிப் பிரிவுப் பாடலே. கண்ணதாசன் எழுத, கே.வி. மகாதேவன் இசையமைக்க, டி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் பாடினர். சௌந்தரராஜன் 1922இல் மதுரையில் பிறந்தவர் என்பது நமக்குப் பெருமை தருவது. 1962ஆம் ஆண்டின் இந்திய சீனப் போரைப் பின்னணியாகக் கொண்டது அப்படம். வகுப்பறையில் பிரிந்தோர்க்குப் போர் காத்திருந்தது என்பதை எண்ணினால், சகுராவின் இருண்ட பக்கம் நம் நினைவுக்கு வருதல் இயல்பே.

அப்பாடலில் நண்பர்கள் பறவைகளாக உருவகம் பெறுகின்றனர்; பருவப் பூ அங்குச் சிறப்பிடம் பெறவில்லை. 2002இல் வந்த 'ஏப்ரல் மாதத்தில்' படத்திலும் கல்லூரிப் பிரிவுப் பாடல் ஒன்று புகழ்பெற்றது. ஆயினும் அத்திங்களில் நம் நிலத்தில் என்ன பூக்கும் என்பதைப் படத்தின் பெயரைக் கொண்டு நாமே நினைத்துக்கொள்ள வேண்டியுள்ளது. ஈராயிரம் ஆண்டுகளாகப் பூவைக் கொண்டு பிரிவை உரைத்த மொழியில், மாணவர் பிரிவுக்கு மட்டும் ஏனோ ஒரு பூ வாய்க்கவில்லை.

பாடல் தேவைதானா?

கைப்பேசியில் எண் இருக்கப் பிரிவு ஏது எனச் சிலர் வினவலாம். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பகுதிகளிலிருந்து பேருந்தேறி வந்து பயிலும் மாணவியரை அவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவருள் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர். தேர்வு முடிந்த சில திங்களில் திருமணமாகி வேற்றூர் செல்வோரும் உளர். எண் மாறிவிடும், சிலருக்குக் கைப்பேசியே தம்முடையதாக இராது. உடன் பயின்ற தோழியை மீண்டும் காணாமலே வாழ்நாள் கழிதலும் உண்டு. அவர்களைப் பொறுத்தவரை பிரிவுபசாரம் ஒரு சடங்கன்று, மெய்யான பிரிவே. அதைச் சொல்ல அவர்கட்கு ஒரு சொல் வேண்டும். தம் ஊரின் மரமும் மணமும் உள்ள சொல்லாக அஃது இருத்தல் நலம்.

முடிவுரை

சகுராவை நாம் கடன் வாங்க வேண்டுவதில்லை. வேப்பம்பூ சிறியது, வெண்மையானது, காலையில் முற்றமெங்கும் உதிர்ந்து கிடப்பது. அதனைக் கூட்டி அள்ளி உலர்த்தி, வெல்லமும் மாங்காயும் சேர்த்துச் சித்திரைப் பிறப்பில் பச்சடியாக உண்பது நம் நிலத்து வழக்கம். கசப்பையும் இனிப்பையும் ஒரு கலத்தில் வைக்க அறிந்த மக்களுக்குப் பிரிவுப் பாடல் எழுதுதல் அரிதன்று. சிச்சிபுவின் தலைமையாசிரியர் கவிஞர் வருவாரெனக் காத்திராமல் தாமே எழுதினார். தமிழ்த்துறை உள்ள கல்லூரிதோறும் ஆண்டுக்கு ஒரு பாடலேனும், ஆசிரியரோ மாணவரோ, எழுதிப் பாடுவோமாயின், வரும் பங்குனியில் வேம்பு நம் மாணவரின்றி வீணே பூத்து உதிராது.