சிங்கப்பூரில் முதல் இரண்டு வாரங்கள்: வேலைக்குப் போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியவை

சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளில் தமிழும் ஒன்று. சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதுமே தமிழ்ப் பலகை கண்ணில் படும். ‘லிட்டில் இந்தியா’ எனப்படும் தேக்கா பக்கம் போனால் மளிகைக்கடை முதல் சாப்பாட்டுக்கடை வரை நம்மூர்ப் பேச்சுதான். கட்டுமானம், கப்பல் பட்டறை வேலைகளுக்கு வந்து சேரும் தமிழகத்து இளைஞர்களுக்கு இது பெரிய தெம்பு. ஆபத்தும் இங்கிருந்தே தொடங்குகிறது. “நம்மூர் ஆள்தானே சொல்கிறார்” என்று ஏஜென்ட் சொன்னதையும், “எல்லாரும் இப்படித்தான் போடுகிறார்கள்” என்று சூப்பர்வைசர் நீட்டிய தாளையும் நம்பிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். பின்னால் தகராறு என்று வரும்போது அங்குள்ள அதிகாரி கேட்பது ஆதாரத்தை. அந்த ஆதாரத்தைச் சேர்க்கத் தொடங்க வேண்டிய நேரம் முதல் இரண்டு வாரங்கள்.

விமானம் ஏறுமுன்

வொர்க் பெர்மிட்டுக்குக் கொள்கையளவில் ஒப்புதல் கிடைத்ததும் சிங்கப்பூர் மனிதவள அமைச்சு ஒரு கடிதம் தருகிறது. தொழிலாளர்கள் அதை ‘ஐபிஏ’ என்பார்கள். முதலாளியின் பெயர், வேலை, அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள் ஆகியவை அதில் இருக்கும். நீங்கள் ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்பே, உங்களுக்குப் புரியும் மொழியில் அதை முதலாளி அனுப்பியாக வேண்டும். ஐபிஏவைக் கண்ணால் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள், பயணச்சீட்டும் எடுக்காதீர்கள். கடிதம் உண்மையானதா என்பதை அமைச்சின் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். பார்த்த கையோடு படம் எடுத்து, வீட்டில் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவையுங்கள். போன் தொலைந்தாலும் நகல் இருக்கும்.

ஏஜென்ட் கட்டணத்துக்கும் வரம்பு உண்டு. சிங்கப்பூரில் உரிமம் பெற்ற நிறுவனம், ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம் வரைதான் தொழிலாளியிடம் வாங்கலாம். இந்தியாவில் பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும். பதிவு பெற்ற முகவர்களின் பட்டியல் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறது. லட்சக்கணக்கில் கேட்டு, ரசீது தர மறுப்பவர் அந்தப் பட்டியலில் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். வங்கி வழியாகப் பணம் அனுப்பினால், ரசீது இல்லாவிட்டாலும் ஒரு தடயம் மிஞ்சும்.

பெட்டியையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். சிங்கப்பூரில் மெல்லும் புகையிலைக்கும் மின்சிகரெட்டுக்கும் தடை இருக்கிறது. சாதாரண சிகரெட்டுக்குத் தீர்வைச் சலுகை கிடையாது. ஒரு பாக்கெட் ஆனாலும் அறிவித்து வரி கட்ட வேண்டும். சமையலுக்கென்று அம்மா கட்டிக்கொடுக்கும் கசகசாகூடக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பொருள். முன்பின் அறியாதவர் “அங்கே ஒருவரிடம் கொடுத்துவிடு” என்று தரும் பொட்டலத்தைத் தொடவே தொடாதீர்கள். போதைப்பொருள் கடத்தலுக்கு அந்த நாட்டில் மரண தண்டனை வரை உண்டு.

இறங்கியபின் நடக்க வேண்டியவை

வந்த இரண்டு வாரங்களுக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்கும். கட்டுமானம், கப்பல் பட்டறை போன்ற துறைகளுக்கு முதல்முறை வருபவர்களுக்கு ஒருநாள் அறிமுக வகுப்பும் உண்டு. உரிமைகள், சட்டங்கள், உதவிக்கு யாரிடம் போவது என்பதையெல்லாம் தமிழிலேயே சொல்லித்தருவார்கள். தூக்கக் கலக்கத்தில் அதைக் கடத்திவிடாதீர்கள். சந்தேகங்களை அங்கேயே கேட்டுத் தெளியுங்கள்.

இந்த வகுப்புக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் ஆகும் செலவு முதலாளியுடையது. அரசுக்குக் கட்டும் லெவியும், மலேசியர் அல்லாத ஒவ்வொரு தொழிலாளிக்கும் வைக்கும் 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பிணைத்தொகையும் அவர் பொறுப்பே. இவற்றில் எதையும் உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. வேலை தந்ததற்கோ பெர்மிட்டைப் புதுப்பித்ததற்கோ முதலாளி உங்களிடம் பணம் வாங்குவது குற்றம். அதற்கு 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

பாஸ்போர்ட்டும் வொர்க் பெர்மிட் அட்டையும் உங்கள் கையில்தான் இருக்க வேண்டும். “பத்திரமாக இருக்கட்டும்” என்று கம்பெனி வாங்கி வைத்துக்கொள்வது சட்டப்படி தவறு. பெர்மிட் வேலைக்காக ஒருநாள் கொடுக்க நேர்ந்தால், எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்துவிட்டுக் கொடுங்கள். வேலை முடிந்ததும் கேட்டு வாங்குங்கள். பெர்மிட் நடப்பில் உள்ளதா என்பதை ‘எஸ்ஜி வொர்க்பாஸ்’ செயலியில் நீங்களே பார்க்கலாம்.

சம்பளத்தில் கவனம்

தகராறுகளில் அடிக்கடி அடிபடுவது சம்பளம்தான். ஐபிஏவில் ஒரு தொகை இருக்கும், கைக்கு வருவது வேறாக இருக்கும். கேட்டால், “அது பெர்மிட்டுக்காகப் போட்ட கணக்கு” என்பார்கள். அப்படி ஒரு கணக்கு சட்டத்தில் இல்லை. உங்கள் எழுத்துப்பூர்வ ஒப்புதல் பெற்று, அமைச்சுக்கும் தெரிவித்த பிறகே அடிப்படைச் சம்பளத்தைக் குறைக்க முடியும். ஆகவே புரியாத மொழியில் உள்ள தாளிலோ, தொகை நிரப்பாத வெற்றுத்தாளிலோ கையெழுத்துப் போடாதீர்கள். அந்த ‘ஒப்புதல்’ அங்கேதான் ஒளிந்திருக்கும்.

வேலையில் சேர்ந்த 14 நாள்களுக்குள் முக்கிய வேலை நிபந்தனைகளை எழுத்தில் தர வேண்டும். மாதச் சம்பளம் மாதம் முடிந்து 7 நாள்களுக்குள் வர வேண்டும். ஓவர்டைம் பணத்துக்கு 14 நாள் அவகாசம். கூடவே விவரமான சம்பளச் சீட்டும் தர வேண்டும். தங்குவிடுதியில் இருப்பவர்களுக்குச் சம்பளத்தை வங்கிக் கணக்கில்தான் போட வேண்டும். அந்தக் கணக்கின் ஏடிஎம் அட்டையையும் ரகசிய எண்ணையும் யாரிடமும் கொடுக்காதீர்கள், சூப்பர்வைசர் கேட்டாலும் சரி.

ஓவர்டைம் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு 44 மணி நேரம் வழக்கமான வேலை; அதற்கு மேல் ஒன்றரை மடங்கு கூலி. மாத அடிப்படைச் சம்பளத்தை 12 ஆல் பெருக்கி, 2,288 ஆல் வகுத்தால் (52 வாரம், 44 மணி நேரம்) ஒரு மணி நேரக் கூலி வரும். அடிப்படைச் சம்பளம் 800 வெள்ளி என்றால் மணிக்கு ஏறக்குறைய 4.20 வெள்ளி, ஓவர்டைமுக்கு 6.29 வெள்ளி. மாதத்தில் 60 மணி நேரம் ஓவர்டைம் பார்த்தவருக்கு அது மட்டுமே 377 வெள்ளி வர வேண்டும். பொதுவாக மாதத்துக்கு 72 மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம் வாங்கக் கூடாது.

முதல் நாளிலிருந்தே ஒரு சின்ன நோட்டில் தேதி, வேலை தொடங்கிய நேரம், முடிந்த நேரம், சைட்டின் பெயர், சூப்பர்வைசர் பெயர் ஆகியவற்றை எழுதி வாருங்கள். நேர அட்டையையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாளை சம்பள வழக்கு என்று வந்தால் உங்கள் பக்கம் பேசுபவை இவைதான்.

அடிபட்டால்

வேலையில் அடிபட்டால், தவறு யாருடையது என்று பார்க்காமல் இழப்பீடு தருவது வேலைக்காயச் சட்டம். காயம் சிறிதென்றாலும் அன்றே சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள், உடனிருந்தவர் பெயரைக் குறித்துவையுங்கள். மருத்துவரிடம் “வேலையில் அடிபட்டது” என்று உள்ளபடியே சொல்லுங்கள். “விடுதிப் படிக்கட்டில் விழுந்தேன் என்று சொல், செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று யாராவது பேரம் பேசினால் மசியாதீர்கள். அந்த ஒரு பொய், இழப்பீட்டையே இல்லாமல் செய்துவிடும். மருத்துவ விடுப்புச் சீட்டு உங்களிடம் இருக்கட்டும். விபத்து நடந்த ஓராண்டுக்குள் இழப்பீடு கோர வேண்டும்.

நீங்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள்

ஊர்க்கடனை அடைக்கும் அவசரத்தில் ஞாயிற்றுக்கிழமை வேறோர் இடத்தில் வேலை பார்ப்பவர்கள் உண்டு. பெர்மிட்டில் உள்ள முதலாளியைத் தவிர வேறு யாரிடம் வேலை செய்தாலும் அது குற்றம்: 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை. உரிமம் இல்லாத வட்டிக்காரர்களிடமும் போகாதீர்கள். உங்கள் வங்கிக் கணக்கையோ சிம் கார்டையோ காசுக்கு அடுத்தவருக்குக் கொடுத்தால், மோசடிக் கும்பலின் குற்றத்தில் நீங்களும் பங்காளி ஆவீர்கள். அமைச்சிலிருந்து பேசுகிறோம், தூதரகத்திலிருந்து பேசுகிறோம் என்று பணம் கேட்கும் அழைப்பு வந்தால் துண்டித்துவிட்டு, 1799 என்ற மோசடித் தடுப்பு எண்ணில் கேளுங்கள்.

பொது இடத்தில் இரவு 10.30 மணி முதல் காலை 7 மணி வரை மது அருந்தக் கூடாது. தேக்கா வட்டாரத்தில் கட்டுப்பாடு இன்னும் இறுக்கம். 2013 டிசம்பரில் அங்கே நடந்த கலவரத்துக்குப் பிறகு வந்தது அது. சனிக்கிழமை காலை 7 மணி முதல் திங்கள் காலை 7 மணி வரை அங்கே பொது இடத்தில் குடிக்கவே கூடாது.

சிக்கல் வந்தால்

சம்பளம் ஒரு மாதம் தவறியதுமே பேசத் தொடங்குங்கள். “அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறேன்” என்பதை நம்பி ஆறேழு மாதம் ஓட்டினால், நிறுவனத்தில் காசே இல்லாமல் போயிருக்கலாம். சம்பளப் புகாரைப் பிரச்சினை எழுந்த 12 மாதங்களுக்குள் தர வேண்டும். வேலை முடிந்துவிட்டிருந்தால் கடைசி வேலை நாளிலிருந்து 6 மாதங்களுக்குள். மனிதவள அமைச்சின் எண் 6438 5122. வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 24 மணி நேர உதவி எண் 6536 2692. போலீஸுக்கு 999, ஆம்புலன்ஸுக்கு 995. ‘ஹோம்’, ‘டிடபிள்யூசி2’ போன்ற தொண்டு அமைப்புகள் வழக்கு விவரம் புரியாதவர்களுக்கு வழிகாட்டுகின்றன. பாஸ்போர்ட் தொலைந்தால் போலீஸில் புகார் செய்துவிட்டு, கிரேஞ்ச் சாலையிலுள்ள இந்தியத் தூதரகத்துக்குப் போக வேண்டும்.

புகார் செய்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம்தான் பலரின் வாயை அடைக்கிறது. சம்பளமோ இழப்பீடோ பாக்கி இருக்கும்போது யாராவது உங்களைக் கட்டாயப்படுத்தி விமான நிலையத்துக்கு அழைத்துப் போனால், குடிநுழைவு அதிகாரியிடம், “எனக்குச் சம்பளம் பாக்கி, நான் போக விரும்பவில்லை” என்று தமிழிலாவது சத்தமாகச் சொல்லுங்கள். அந்த இடத்தில் மௌனமாக இருந்துவிட்டு ஊரிலிருந்து வழக்கு நடத்துவது மிகவும் கடினம்.

சிங்கப்பூர்ச் சட்டம் தொழிலாளிக்குத் தரும் பாதுகாப்பு குறைவில்லை. ஆனால் அது கேட்பவருக்குத்தான் கிடைக்கும், கேட்பவர் ஆதாரத்தோடு வர வேண்டும். உங்கள் வீட்டிலிருந்தோ தெருவிலிருந்தோ யாராவது அங்கே கிளம்பினால், மேலே உள்ள எண்களை அவர் போனில் பதிந்து கொடுங்கள். ஐபிஏவின் நகல் ஒன்றை உங்களிடமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.