காய்ச்சலுக்கும் கணக்குப் பார்ப்போம்!

"டாக்டருக்கு எவ்வளவு கொடுத்தாய்?" என்று கேட்டால், "இருநூறு ரூபாய்" என்பான் தொழிலாளி. கணக்கு அத்தோடு முடிந்ததா? முடியவில்லை, தோழர்களே!

மாதம் 18,000 ரூபாய் வாங்கும் ஒரு தோழருக்குக் காய்ச்சல் என்று வைத்துக்கொள்வோம். குடும்ப டாக்டருக்கு 200. மருந்துக் கடையில் 250. இரத்தப் பரிசோதனைக்கு 300. போக வர பஸ்ஸுக்கு 40. அன்று வேலைக்குப் போகவில்லை. மாதத்துக்கு 26 வேலை நாள் என்றால், போன கூலி 692. கூட்டிப் பாருங்கள்: 1,482 ரூபாய்! டாக்டர் வாங்கியது அதில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. பெரிய பங்கைத் தின்றது எது? இழந்த கூலி!

இதனால்தான் ஏழை டாக்டரிடம் போகத் தயங்குகிறான். "நாளைக்குப் பார்ப்போம்" என்கிறான். நாளை என்பது நாலு நாளாகிறது. இருமல் முற்றுகிறது, சர்க்கரை ஏறுகிறது. இருநூறில் தீரவேண்டியது இருபதாயிரத்தில் வந்து நிற்கிறது. அறியாமை என்று ஏசுவோர் உண்டு. அறியாமையல்ல, இல்லாமை!

"காப்பீட்டு அட்டை இருக்கிறதே?" என்பீர்கள். 2018-இல் வந்த ஆயுஷ்மான் பாரத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்றது. ஆனால் அது மருத்துவமனையில் படுத்தால்தான். மாலையில் காய்ச்சலோடு டாக்டர் வீட்டுத் திண்ணையில் காத்திருப்பவனுக்கு அந்த அட்டை உதவாது.

உதவ ஒரு காப்பீடு உண்டு. 1948-இல் பிறந்தது தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம். அதே ஆண்டு ஜூலை 5-ஆம் நாள், சுரங்கத்தில் உழைத்து வளர்ந்த அனூரின் பீவன் அமைச்சராயிருந்து, பிரிட்டனில் தேசிய மருத்துவச் சேவையைத் தொடங்கி வைத்தார். அங்கே குடும்ப டாக்டரைப் பார்க்கக் கட்டணமில்லை என்றானது. வரிப்பணம் அந்தச் செலவை ஏற்றது.

இங்கே? 2019 ஜூலையில் வகுத்த விகிதப்படி தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். நம் தோழரின் சம்பளத்துக்கு அது 135-ம் 585-ம்; மொத்தம் மாதம் 720 ரூபாய். ஆண்டுக்கு 8,640! முதலில் போட்ட கணக்குப்படி, ஏறத்தாழ ஆறு முறை டாக்டரைப் பார்க்கும் பணம். முதலாளி பங்கு மட்டும் யார் வியர்வையில் விளைந்தது?

எனவே இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் கிடைக்கும் டாக்டரும், மருந்தும், பரிசோதனையும் இனாமல்ல. முன்பணம் கட்டி வாங்கிய உரிமை! நோயில் படுத்தால், தகுதியுள்ளவருக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை உதவித்தொகையும் அந்த உரிமையில் சேர்ந்ததே.

ஆனால் எத்தனை தோழர்கள் தம் காப்பீட்டு எண்ணை அறிவர்? ஒப்பந்தத் தொழிலாளியிடம் பிடித்த பணம் கட்டப்பட்டதா என்று கேட்டவர் எத்தனை பேர்? பிடித்த பணத்தைக் கட்டாமல் வைத்துக்கொள்வது குற்றம். கேளாமல் இருப்பது நம் குறை. வேலை நேரமும் மருந்தக நேரமும் ஒன்றாயிருந்தால் மாலை நேரம் கேட்போம். மருந்து இல்லையென்றால் ஏனென்று கேட்போம்.

சம்பளச் சீட்டை இன்றே எடுத்துப் பாருங்கள், தோழர்களே! அதில் பிடித்தம் இருக்கிறதா? இருந்தால், மருந்தகத்தின் வாசலில் கைகட்டி நிற்காதீர்கள். கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு நில்லுங்கள்!