உங்களுக்குத் தெரியுமா? கால் மணிக்கு 250 சொல்!

ஆங்கில நாவலாசிரியர் ஆன்டனி ட்ரோலப் (1815–1882), 1834 முதல் 1867 வரை தபால் துறை ஊழியர். ஆபீஸுக்குக் கிளம்பும் முன், காலை ஐந்தரைக்கே எழுத உட்கார்ந்துவிடுவார். தூக்கம்தான் முதல் எதிரி. அதற்கும் வழி வைத்திருந்தார்: காபியோடு வந்து எழுப்பிவிட வீட்டுக் குதிரைக்காரருக்கு ஆண்டுக்கு 5 பவுண்டு தனிச் சம்பளம்! தன் வெற்றிக்கு வேறு யாரையும்விட அந்தக் கிழவருக்கே அதிகம் கடன்பட்டிருப்பதாக நினைத்தார்.

முதல் அரை மணி, முந்தைய நாள் எழுதியதைப் படிப்பார். பிறகு கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொல். தினம் எத்தனை பக்கம் என்று குறிப்பேட்டில் பதிவு வேறு. சும்மா இருந்த நாள் அதில் பல்லிளிக்கும். அலுவல் பயணங்களில் ரயிலிலேயே பென்சிலால் எழுதுவார், மனைவி ரோஸ் படியெடுப்பார் (பாவம், அந்த அம்மாள்!). ஒரு நாவல் முடிந்த மறுநாளே அடுத்ததைத் தொடங்கியதும் உண்டு. மொத்தம் 47 நாவல்கள்.

இதையெல்லாம் சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதிவைத்தார். அவர் இறந்தபின் 1883இல் அது வெளியானபோது, கலையைக் கணக்குப்பிள்ளை வேலையாக்கிவிட்டாரே என்று பலர் முகம் சுளித்தார்கள். தபால் வேலையிலும் அவர் குறை வைக்கவில்லை. 1852இல் ஜெர்சி தீவில் தெருவோரத் தபால் பெட்டிகள் வந்தது இவர் யோசனையால்தான்.