நிலைப்பற்சக்கரச் சைக்கிளும் சிறு பொருளும்

சைக்கிள்களுள் ஒரு வகையில் பின்பற்சக்கரம் பின்சக்கரத்தோடு அசையாது பிணைக்கப்பட்டிருக்கும். வண்டி ஓடுமளவும் மிதிகளும் சுழலும். கைப்பொருள் சிறிதுடையார் அதனைத் திருத்த விழையின், யாதனை முதலில் வாங்குதல் தகும்?

முன்சக்கரத்திற்கு ஒரு பிரேக்கே முதல் என்போம் நாம். செயின் கழன்றுவிடின் கால்களால் வண்டியை நிறுத்தல் இயலாதன்றோ? அடுத்து வேண்டுவன நல்ல டயர்கள். மூன்றாவது பின்பற்சக்கரம். முன்னே 48 பற்களும் பின்னே 16 பற்களும் இருப்பின், மிதி ஒருமுறை சுழலச் சக்கரம் சரியாக 3 முறை சுழலும். ஆதலின் ஒரே காலை முன்வைத்துச் சறுக்கி நிறுத்துவோர்க்கு டயரின் ஓரிடமே எப்பொழுதும் தேயும். பின்னே 17 பற்களாக்கின் அத்தேய்வு 17 இடங்களிற் பகிரப்படும். மேடேறுதலும் சற்றே எளிதாம்.

வண்ணச் சக்கரங்களையும் எடைகுறைந்த உறுப்புகளையும் பணம் மிஞ்சிய பின்னரே நாடுவோமாக.