பிடில் வில் வளைந்த கதை

பிடில் கச்சேரிக்குப் போகிறோம். வித்வானின் இடது கை விரல்கள் தந்தியின்மேல் ஓடுவதைப் பார்த்து, "அடடா, என்ன விரல்!" என்று தலையை ஆட்டுகிறோம். அவர் வலது கையில் இருக்கும் ஒல்லிக் குச்சியை யாராவது ஏறிட்டுப் பார்க்கிறோமா? ஏறக்குறைய 60 கிராம் எடை, முக்கால் மீட்டர் நீளம். அதுதான் பிடிலைப் பேச வைக்கிறது. உங்கள் வீட்டுப் பெண் பிடில் கற்றுக்கொள்கிறாள் என்றால், அந்த வில்லை ஒரு தரம் கையில் எடுத்துப் பாருங்கள். குச்சி நேராக இராது. குதிரைவால் மயிர் இருக்கும் பக்கமாக மெல்லக் குழிந்து வளைந்திருக்கும்.

அந்த வளைவு நெருப்பில் காட்டி வளைத்த வளைவு.

"ஐயையோ, மரத்தை நெருப்பில் காட்டினால் வெடித்துவிடாதோ?" என்று கேட்பீர்கள். வெடிக்கும்தான். வெடிக்காமல் வளைப்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது.

ஆதியில் பிடில் வில்லும் வேடன் வில்லைப் போலவே வெளிப்பக்கமாகப் புடைத்திருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது நேராகி, பிறகு உள்நோக்கி வளைந்தது. இன்றைய உருவத்தை அதற்கு நிலைநாட்டியவர் பாரிஸ் நகரத்து பிரான்ஸ்வா தூர்த் (1747–1835). வில் செய்யும் குடும்பத்தில் பிறந்தவரானாலும், முதலில் கடிகாரப் பட்டறையில்தான் வேலை பழகினாராம். கைப்பழக்கத்துக்காகச் சர்க்கரைப் பீப்பாயின் பழைய பலகைகளை வாங்கி, அவற்றில் வில் செதுக்கிப் பார்த்தார் என்றும் சொல்வார்கள். கடைசியில் அவர் மனத்துக்குப் பிடித்தது பிரேஸில் நாட்டு பெர்னாம்புகோ மரம். கேரளத்தில் குடிநீரில் போட்டுக் கொதிக்கவைத்துச் செந்நிறமாகத் தருகிறார்களே, பதிமுகம், அந்த மரத்துக்கு இது உறவு. இதையும் சிவப்புச் சாயத்துக்காகத்தான் கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். பிரேஸில் என்ற பெயரே இந்தச் சாயமரத்தால் வந்ததுதான்.

வளைவான குச்சி வேண்டுமென்றால் பலகையிலிருந்து வளைவாகவே அறுத்து எடுத்துவிடலாமே? எடுக்கலாம். ஆனால் மரத்தின் நார் நேராக ஓடுகிறது. வாள் வளைந்து போனால் நாரைக் குறுக்கே வெட்டிவிடும். அப்படிப்பட்ட குச்சி இன்றோ நாளையோ அந்த இடத்தில் முறியும். ஆகவே நாரின் போக்கிலேயே நேராக அறுத்து, பிறகு சூட்டில் வளைக்க வேண்டும்.

இனி அடுப்பு சமாசாரம். இதை உங்களுக்கா சொல்லித் தரவேண்டும்? தீபாவளிக்கு அதிரசம் சுடுகிறீர்கள். எண்ணெய் காய்ந்து புகைந்தால் என்ன ஆகிறது? மேலே கருகிவிடுகிறது, உள்ளே மாவு பச்சையாகவே இருக்கிறது. மரக்குச்சியும் அப்படித்தான். மேல்தோல் மட்டும் சூடேறி, நடுவயிறு குளிர்ந்து கிடக்கும்போது அவசரப்பட்டு வளைத்தால், இளகாத நார் இடம் கொடாது. 'படக்'கென்று கீறல் விடும். கீறாமல் தப்பினாலும் சில நாளில் நிமிர்ந்துவிடும். மேல்தோல் கருகிவிடுமோ என்று பயந்து பலர் அரைகுறையாகக் காய்ச்சினார்கள். தூர்த் நடுநார் வரை ஒரே சீராகச் சூடேறும்படி காய்ச்சினார் என்று 1856-ல் இசை அறிஞர் ஃபெட்டிஸ் எழுதி வைத்திருக்கிறார்.

கருகாமல் உள்ளே சூடேற்றுவது எப்படி? முதலில், பல வருஷம் உலர்ந்த மரமாக இருக்கவேண்டும். ஈரமரத்தைச் சூட்டில் காட்டினால் மேற்புறம் முன்னால் சுருங்கி, உள்ளே ஈரம் தங்கி, மரம் தானே பிளக்கும். குச்சியை முடிவான பருமனுக்கு இழைக்காமல் கொஞ்சம் தடிப்பாகவே வைத்துக்கொள்கிறார்கள். மேலே லேசாகக் கருகினாலும் பிறகு சீவி எடுத்துவிடலாம். ஸ்பிரிட் விளக்குக்கோ மின்சார அடுப்புக்கோ மேலே சற்று உயரத்தில் பிடித்து, உருட்டிக்கொண்டும் நகர்த்திக்கொண்டும் நிதானமாகக் காய்ச்சுகிறார்கள். சில அங்குலம் காய்ந்ததும் மேஜை விளிம்பில் அழுத்தி வளைத்து, ஆறும் வரை கையை எடுக்காமல் பிடித்துக்கொள்வார்கள். பிறகு அடுத்த சில அங்குலம். கணு இருக்கும் இடத்தில் கை இன்னும் மெதுவாகப் போகும்.

இத்தனை பொறுமையும் ஒரு குச்சிக்கா என்று அலுத்துக்கொள்ள வேண்டாம். பெர்னாம்புகோ அருகிவிட்டது. 1978-ல் பிரேஸில் அதைத் தேசிய மரமாக்கியது. 2007 முதல் உலக நாடுகளிடையே அதன் வியாபாரத்துக்குக் கட்டுப்பாடும் வந்துவிட்டது. கீறிப்போன குச்சிக்குப் பதில் இன்னொன்று சுலபமாகக் கிடைக்காது. மாணவர்களுக்கு வேறு மரத்தாலும் கார்பன் நாராலும் செய்த வில்களே பெரும்பாலும் கிடைக்கின்றன.

உங்கள் வீட்டில் இருப்பது மர வில்லானால் ஒன்றைக் கவனியுங்கள். சூட்டில் வந்த வளைவு சூட்டிலேயே போகவும் கூடும். சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் பிடில் பெட்டியை விட்டுவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள். சாதகம் முடிந்ததும் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி மயிரைத் தொய்ய விடச் சொல்லுங்கள். முறுக்கியபடியே ஏ.ஸி. அறையில் வைத்தால், வறண்ட காற்றில் மயிர் சுருங்கி வில்லின் தலையைச் சுண்டி இழுக்கும். அந்தத் தலைப்பக்கத்தில் நார் குட்டையாக இருப்பதால் அங்கேதான் முதலில் கீறல் விழும்.

குச்சி கோணினால், "காஸ் அடுப்பில் கொஞ்சம் காட்டினால் சரியாகிவிடும்" என்று சொல்ல வீட்டிலேயே ஒரு நிபுணர் இருப்பார். அநேகமாக மாமாவாக இருப்பார். அவருக்கு ஒரு காபியைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, வில்லை வாத்தியம் பழுதுபார்ப்பவரிடம் அனுப்பிவிடுங்கள்.