வலிக்கு ஒரு மடை

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவை அடுத்து, கேகே மகளிர், சிறார் மருத்துவமனை இருக்கிறது. பழைய பெயர் கண்டாங் கெர்பாவ். மலாயில் எருமைத் தொழுவம் என்று பொருள். இத்தகைய மருத்துவமனைகளில் வளரும் பிள்ளைகளுக்கு எலும்பு அறுவை செய்யும்போது, நரம்பருகே மரப்பு ஊசி போடுவதுண்டு.

வலிச் செய்தி நரம்பு வழியே மூளைக்கு ஓடுகிறது. வாய்க்காலை மடை அடைப்பதுபோல மருந்து அதைத் தடுக்கிறது. மார்ஃபின் போன்ற மருந்தும், அதனால் வரும் வாந்தியும் குறையும்.

கால் மரத்திருப்பதைக் கண்டு, வாதமோ என்று நாம் பதற வேண்டாம். பல மணி நேரத்தில் உணர்வு திரும்பும். கூடவே வலியும் திரும்பும். ஆகவே டாக்டர் சொன்ன மாத்திரையை நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும்.

மரத்த கால் சூடறியாது. வெந்நீர் ஒத்தடம் கூடாது. துணையின்றி நடக்கவும் விடலாகாது. விரல் வெளுத்தாலும், வீங்கினாலும், ஊசியையும் மீறி வலி ஏறினாலும் உடனே தாதியிடம் சொல்லுவோம். பிள்ளை பொறுத்துக்கொள்ளட்டும் என்றிருந்தால் காலுக்கே கேடு வரலாம்.