உங்களுக்குத் தெரியுமா? குவாய் பாலமும் முதல் இயக்குநர் இல்லாத 'இரண்டாம் பாகமும்'

● கண்டிக்கு அருகே பேராதனைத் தாவரவியல் பூங்காவிலும், களனி கங்கைக் கரையில் கித்துல்கலவிலும் படமானது 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' (1957). இயக்குநர் டேவிட் லீன். படம் 7 ஆஸ்கார் விருதுகளை வென்றது.

● 1989இல் 'ரிட்டர்ன் ஃப்ரம் தி ரிவர் குவாய்' வெளிவந்தது. பெயரைக் கேட்டால் இரண்டாம் பாகம்தான். ஆனால் அப்போது உயிரோடிருந்த லீனுக்கு அதில் பங்கில்லை. இயக்கியவர் ஆண்ட்ரூ மெக்லாக்லென். படப்பிடிப்பும் இலங்கையில் அல்ல, பிலிப்பைன்ஸில் நடந்தது.

● முதல் படம் பியர் பூலின் நாவலிலிருந்து பிறந்தது. அடுத்தது, ஜப்பானுக்குக் கப்பலேற்றப்பட்ட போர்க் கைதிகளைப் பற்றிய 1979ஆம் ஆண்டு நூலைத் தழுவியது. பாத்திரங்களும் வேறு.

● இரண்டாவது படத்தின் தலைப்பு ரசிகர்களைக் குழப்பும் என்று அமெரிக்காவில் வழக்கு எழுந்தது. 1998இல் நியூயோர்க் நீதிமன்றம் அந்தத் தலைப்புக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

● இரு படங்களும் போர்க் கைதிகளின் கதைகள். ஆனால் 1942–43இல், குவாய் பாலம் அமைந்த சயாம்–பர்மா ரயில்பாதை வேலையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்களும் பல்லாயிரக்கணக்கில் மாண்டனர். அவர்களின் கதையே நாம் எடுக்க வேண்டிய அடுத்த பாகம்.

● முதல் படத்துக்காகக் கட்டித் தகர்த்த பாலத்தின் அடித்தளங்களைக் கித்துல்கல ஆற்றங்கரையில் இன்றும் காணலாம்.